சொட்டுவது சேம்பரில், கோளாறு மேலே: பழைய லாரி ஆயில் லீக் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் லீக் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பாலக்கோடு: அண்ணா, பழைய டாடா 1613 லாரி. ராத்திரி நிறுத்தினால் காலையில் இன்ஜின் அடி ஆயில் தொட்டியான சேம்பருக்குக் கீழே உள்ளங்கை அளவு ஆயில். சேம்பர் கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை.

மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் சேம்பரில் வந்துதான் சொட்டும் தம்பி. அதனால்தான் முதலில் சேம்பர் கேஸ்கெட்டைக் கழற்றிப் பணத்தை விடுகிறார்கள். ஓடும்போது ஃபேன் காற்று வேறு ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். கசியும் இடம் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துக் காய வையுங்கள். சூடான டீசல் பம்ப் மேல் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் பம்ப் ஜாம் ஆகலாம். வாட்டர் சர்வீஸ் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ந்த பிறகு இன்ஜின் உச்சியில் உள்ள டேப்பெட் கவர் ஓரம், ஃபில்டர் அடி, டைமிங் கவர், சேம்பர் விளிம்பு எல்லாவற்றிலும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் ஐடிலில் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் லோடோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் இறங்கிய கோடு பழுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுனியைத்தான் தேட வேண்டும்.

பர்கூர்: கிரானைட் ஏற்றுகிறோம். ஒரு இடம் அடைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகுகிறது. இன்ஜினே போய்விட்டதா சார்?

அவசரப்பட வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஒழுகினால் கேஸ்கெட்டைத் தொடுவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காஸ் எப்போதும் கீழே இறங்கும். அது பிரீதர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். குவாரித் தூசியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், உள்ளே ஏறும் பிரஷர் எந்த சீல் தளர்ந்திருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். பிரீதர் குழாயையும் அதன் வலையையும் கழற்றி டீசலில் ஊறப்போட்டு, காற்றடித்து மாட்டுங்கள். செலவு ஒன்றும் இல்லை. பாதி வண்டிகளின் வியாதி இதுதான் என்பது என் கருத்து.

பிறகு இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகையும் குபுகுபுவென வந்தால் ரிங், லைனர் தேய்மானம். அந்த நிலையில் எந்த சீல் போட்டாலும் நிற்காது.

அந்தத் தூசியில் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஃபில்டர் அடைத்தால் டர்போ தன் சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். டர்போவிலிருந்து சேம்பருக்கு இறங்கும் ரிட்டர்ன் குழாய் மடங்காமல், கரி பிடிக்காமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமலே டர்போவை மாற்றியவர்கள் உண்டு.

காவேரிப்பட்டணம்: கார்க் கேஸ்கெட் போட்டு, மேலே அனபாண்ட் பேஸ்ட்டும் தடவி, நல்லா இறுக்கியும் ஒழுகுகிறது.

நல்லா இறுக்கியதுதான் தப்பு. கார்க் பிதுங்கிக் கிழியும், சேம்பரின் போல்ட் ஓட்டைகள் மேல்பக்கமாகக் குழிந்துவிடும். கழற்றி, விளிம்பைச் சமமான இரும்புக் கட்டை மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். கார்க்கைக் காய்ந்த நிலையிலேயே வைத்து, முன்னும் பின்னும் வளைவு சேரும் மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கான். போல்ட்களை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். கார்க் லேசாக அமுங்கினதும் நிறுத்திவிடுங்கள். பேஸ்ட்டை அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் பம்ப் வலையில் போய் உட்காரும். ஆயில் பிரஷர் இறங்கினால் பேரிங் போகும். ஆயில் ஊற்றும் முன் ஒரு ராத்திரி காய விடுங்கள்.

ஓசூர்: டிரெயின் போல்ட்டில் மட்டும் சொட்டுகிறது.

காப்பர் வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும், திரும்பப் போடலாம். வாஷரில் கோடு விழுந்திருந்தால் புதிது போடுங்கள், சில்லறைக் காசுதான். மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், லேத்தில் கொடுத்து ஓவர்சைஸ் மரை போடுங்கள்.

தொப்பூர்: சேலத்திலிருந்து லோடோடு கணவாய் ஏறினால் கிளட்ச் ஹவுசிங் அடி ஓட்டையில் சொட்டுகிறது. சமதளத்தில் இல்லை. கியர்பாக்ஸ் இறக்கச் சொல்கிறார்கள்.

ஏற்றத்தில் சேம்பர் ஆயில் பின்பக்கம் சேரும், முழு லோடில் உள் பிரஷரும் ஏறும். கிராங்க்கின் பின்முனையில் உள்ள பேக் சீல் தளர்ந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் இறக்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, பிரீதர். இரண்டு, டேப்பெட் கவரின் பின் மூலை; அங்கிருந்து வழிந்தாலும் ஹவுசிங் மேல்தான் இறங்கும். மூன்று, விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில், சீல் கியர்பாக்ஸுடையது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய கையோடு கிராங்க்கில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் சில மாதத்தில் ஒழுகும். மெல்லிய ஸ்லீவ் போடுங்கள், அல்லது இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். கிராங்க்கை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் உள்ள ரப்பர் சீலுக்கு உதட்டில் ஆயில் தடவலாம். டெஃப்லான் உதடு உள்ள சீலுக்கு ஒரு பொட்டு ஆயிலும் ஆகாது, காய்ந்த கிராங்க்கில் காய்ந்தபடி மாட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் போட்ட சீல்தான் அடிக்கடி திரும்பி வருகிறது. கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் போடாதீர்கள், வழுக்கும்.

ராயக்கோட்டை: தக்காளி சீசன் முடியும் வரை இப்படியே ஓட்டலாமா?

சொட்டை எண்ணுங்கள். இருபது முதல் முப்பது சொட்டு ஒரு மில்லி. இன்ஜின் ஓடும்போது நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 120 முதல் 180 மில்லி. ஐந்து மணி நேர ஓட்டத்தில் 600 முதல் 900 மில்லி காணாமல் போகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவே உங்கள் வண்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஊற்றிப் பார்த்துத் தெரிந்து வையுங்கள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு என்றால் தினமும் டிப்ஸ்டிக் பார்த்து ஓட்டலாம். சைலன்சர் மேனிஃபோல்டு மேலோ டர்போ மேலோ விழுந்தால் ஒரு சொட்டும் ஆபத்துதான், தீப்பிடிக்கும், அன்றே நிறுத்துங்கள்.

அரூர்: வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது.

பிரேக்குக்கான ஏர் டேங்க்கின் டிரெயினைத் திறந்து விடுங்கள். தண்ணீரோடு ஸ்பூன் கணக்கில் ஆயில் வந்தால் அந்த டேங்க்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் ரிங் போயிருக்கிறது. ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகியுங்கள்.

ஊத்தங்கரை: எனக்கு நேர்மாறு அண்ணே. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுகிறது, சீலிலும் ஒழுகுகிறது.

உள்ளே டீசலோ தண்ணீரோ கலக்கிறது. டிப்ஸ்டிக்கை முகருங்கள், டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீராக ஓடினால் ஃபீட் பம்ப், டீசல் பம்ப் சீல்களைப் பார்க்க வேண்டும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். இரண்டில் எதுவானாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.