கேளுங்கள், சொல்கிறோம்: களப்பயிற்சிக்கு வந்த பிள்ளை

கே: கனடாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கி, மட்டக்குளியில் ஒரு சமூக நிலையத்தில் களப்பயிற்சி செய்யப்போகிறார். வீட்டில் என்ன ஒழுங்கு செய்யவேண்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

ப: காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். மகளிர் குழு, பிள்ளைகளின் வகுப்பு, கூட்டம் எல்லாம் பெரும்பாலும் நாலு மணிக்குப் பிறகுதான். ஞாயிறும் வேலைநாள். வீட்டுத் திறப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிடுங்கள். போயா தினங்களை மட்டும் முதலிலேயே கலண்டரில் வட்டமிட்டுக் கொடுங்கள். அன்று அலுவலகமும் வங்கியும் பூட்டு.

காலி வீதியில் 155ஆம் இலக்க பஸ் மட்டக்குளி வரை போகும். காலை நெரிசலில் அது ஊர்ந்துதான் போகும் என்பதால், அந்த நேரத்தில் ரயிலில் கோட்டைக்குப் போய் புறக்கோட்டையில் பஸ் மாறுவது மேல். சில்லறை கையில் இருக்கட்டும். காலையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கவேண்டிவரும். முன் ஆசனம் மதகுருமாருக்கு உரியது என்பதையும் சொல்லி வையுங்கள்.

லப்டொப், போன் சார்ஜர்கள் நமது 230 வோல்ட்டைத் தாங்கும். அங்கே வாங்கிய ஹெயார் டிரையர் 120 வோல்ட்டுக்கானது. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது, செருகினால் எரிந்துபோகும். கொதித்தாறிய தண்ணீர், முதல் வாரம் சம்பலில் உறைப்புக் குறைவு. மற்றபடி இடியப்பமும் சொதியும் எவருக்கும் பழகிவிடும்.

கே: கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்தில் (சிறு வீடுகள் நெருங்கிய நகரக் குடியிருப்பில்) வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்புகிறேன். பாதி வீடு பூட்டு. திறந்த வீட்டிலும் ஆட்களின் எண்ணிக்கையைக்கூடச் சரியாகச் சொல்கிறார்கள் இல்லை. ஏன்?
- மாணவர், கொட்டாஞ்சேனை

ப: பூட்டியிருப்பதற்குக் காரணம் நீங்கள் போகும் நேரம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள் விடியமுன் போய்விடுவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் திரும்பப் பிற்பகலாகும். மாலை நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் போங்கள். அல்லது ஞாயிறு பூசை முடிந்த பிறகு.

இரண்டாவதுதான் சிக்கலானது. கொழும்பில் பல தோட்டங்களை அகற்றி, அங்கிருந்தவர்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் பேனையும் தாளுமாய் வருகிற எவரையும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆள் என்றே நினைப்பார்கள். ஒரே கதவுக்குள் மூன்று குடும்பம் இருந்தால், மூன்று வீடு கிடைக்கட்டும் என்று ஒருவர் கூட்டிச் சொல்வார். வாடகைக்கு இருப்பவரை வீட்டுக்காரர் மறைப்பார். இதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். வீடு போய்விடுமோ என்று பயப்படுகிறவர் வேறு எப்படிப் பதில் சொல்வார்?

ஆகவே முதல் இரண்டு வாரம் கேள்விக்கொத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். சமூக நிலையத்தில் வேலை செய்யும், அந்தத் தோட்டத்திலேயே குடியிருக்கும் ஒருவரோடு போங்கள். நீங்கள் மாணவர், வீட்டுப் பட்டியலுக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட அரைப் பக்கக் கடிதமாகக் கொடுங்கள். அடையாளத்துக்கென்று கதவில் சோக்கால் இலக்கம் போடவே கூடாது. வீட்டை உடைக்க வரும் முன்னும் இலக்கம்தான் போடுவார்கள். வரைபடத்தை உங்கள் கொப்பியிலேயே கீறி வையுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் தாய் தகப்பனிடம் கேட்டபிறகுதான்.

தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். சீனி கூட என்றாலும் பாதியாவது குடியுங்கள். உதவி ஏதும் கேட்டால் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது வாக்குறுதியாகவே எடுக்கப்படும். குறிப்பை அன்றிரவே விரிவாக எழுதுங்கள். மறுநாளுக்கு வைத்தால் யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடும்.

கே: எங்களோடு தங்கியிருக்கும் மாணவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமா?
- வாசகர், பம்பலப்பிட்டி

ப: கொழும்பில் அந்தச் சந்தேகத்தோடுதான் தொடங்கவேண்டும். பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள்; இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. நாளைக்கே வைத்தியரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் களத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலை. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கே: சுற்றுலா விசாவில் வந்து தொண்டு வேலை செய்யலாமா?
- மாணவி, தெஹிவளை

ப: கூடாது. சம்பளமில்லாத வேலைக்கும் அந்த விசாவில் இடமில்லை. உங்களை ஏற்கும் நிறுவனத்தின் கடிதத்தோடு, பயணத்துக்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உரிய விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அலுவலகம் பத்தரமுல்லை சுஹுருபாயவில்.