வீட்டுவரி ரசீது இருந்தால் இடம் நமதாகிவிடுமா?

கேள்வி: திருப்பூரில் ஜம்மனை ஓடையை ஒட்டி 24 வருசமாகக் குடியிருக்கிறோமுங்க. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வீட்டுக்காரர் லோடுமேன். வீட்டுவரி, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் இந்த முகவரியில்தான். போன வாரம் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவதாக வாய்ப்பேச்சாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு 15,000 ரூபாய் கொடுத்தால் கோர்ட்டில் தடையும் வாங்கி, பட்டாவும் வாங்கித் தருவதாக ஒருவர் வந்து பேசுகிறார். கொடுக்கலாமுங்களா, வக்கீலம்மா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. உங்கள் தெருவில் வேறு யாரையும் கொடுக்க விடாதீர்கள். ஓடைப் புறம்போக்குக்குப் பட்டா வாங்கித் தர அவரால் முடியாது. நீர்நிலைகளில் பட்டா தருவதைச் சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தடுத்து வந்திருக்கிறது.

கேட்கக் கஷ்டமாக இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் நிலத்தை உங்களுக்குச் சொந்தமாக்காது. ஆனால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இத்தனை வருசமாக இங்கேதான் இருந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. பழைய 'பி மெமோ' ரசீது ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதையும் தேடி எடுங்கள். ஆக்கிரமிப்பு என்று அரசே தண்டத்தீர்வை (அபராத வரி) போட்டு வசூலித்த காகிதம் அது. குடியிருந்த காலத்தை அதைவிட அழுத்தமாகச் சொல்லும் ஆவணம் குறைவு.

முதலில் நிலம் உண்மையிலேயே ஓடைதானா என்று பாருங்கள். நோட்டீஸில் சர்வே எண் இருக்கும். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், நிலத்தின் வகையைக் குறித்து வைத்திருக்கும் 'அ' பதிவேட்டில் என்ன வகை என்று தெரியும். நத்தம் (குடியிருப்புக்கான நிலம்) என்றோ, ஆட்சேபணையற்ற புறம்போக்கு (குடியிருக்க அரசு தடை சொல்லாத அரசு நிலம்) என்றோ வந்தால் கதையே வேறு, பட்டா கேட்டு மனுப் போட வழி உண்டு. உங்கள் வரிசையில் நாலு வீடு ஓடைக்குள்ளும் நாலு வீடு வெளியேயும்கூட இருக்கலாம். அளந்து காட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

அடுத்து, நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமாக இருக்கும். அதில் 7-ம் பிரிவு நோட்டீஸ் என்றால் 'ஏன் அகற்றக் கூடாது, சொல்' என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அகற்றும் உத்தரவு 6-ம் பிரிவில் வரும். அது வந்துவிட்டால் 10-ம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம், கூடவே இடைக்காலத் தடையும் கேட்கலாம். 7-ம் பிரிவு நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டு, பதில் எழுதாமல் விட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'சொல்ல ஏதும் இல்லை' என்று அதிகாரி எழுதிவிட்டால் அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், 15 நாள் அவகாசம் கொடுக்காமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்றது. வாட்ஸ்அப்பில் அது உங்களுக்கும் வந்திருக்கும். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் இருக்கும் கட்டடங்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது 1985-ல் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. பிழைப்புக்கான உரிமை, உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றும், நடைபாதைவாசியைக்கூட அவர் தரப்பைக் கேட்காமல் அகற்றக் கூடாது என்றும் பம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நாளில் கே.சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு என்ற நம் மாநில வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அதில் குடிசைவாசிகளுக்கு மாற்று இடம் தரும் கொள்கையை அரசே நீதிமன்றத்தில் எடுத்து வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் சண்டை இந்த இடத்துக்காக அல்ல, மாற்று வீட்டுக்காக இருக்கட்டும். வாய்ப்பேச்சை எழுத்தாக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் தெருவே சேர்ந்து மனுக் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணையும் சாவியும் கையில் வந்த பிறகே இடிக்க வேண்டும் என்று கேளுங்கள். எந்தக் குடியிருப்பு, எந்தத் தளம், பயனாளி பங்குத் தொகை உண்டா, தவணை உண்டா என்பதை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். வீடு உங்கள் பெயரிலும் இருக்கட்டும் என்று வற்புறுத்துங்கள்.

தூரத்தைப் பற்றியும் எழுதுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்குக் கடைசி பஸ் இல்லை என்றால் அந்த வீடு எதற்கு? வேலை போனால் பிழைப்பும் போகிறது, ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மையமே அதுதான். பரீட்சைக்கு நடுவில் இடிக்கக் கூடாது என்பதையும் மனுவில் சேர்க்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100-க்கு போன் செய்தாலும் போதும். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் திருப்பூர்க்காரர்களுக்குச் சென்னைதான். 

மாற்று வீட்டுக்காக அதிகாரிகள் கணக்கெடுக்க வரும் நாளில் வேலைக்கு லீவு போட்டாவது வீட்டில் இருங்கள். கதவு பூட்டியிருந்த வீடு பட்டியலில் விடுபட்டால், பிறகு பெயரைச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விடுபடுவது அவர்கள்தான், வாடகைக்கு விட்டவர் பெயர் மட்டும் ஏறிவிடும். வாடகை கொடுத்ததற்கு ஜிபே பதிவு, பிள்ளையின் பள்ளிச் சான்று, கேஸ் புத்தகம் எது இருந்தாலும் நகல் எடுத்து, உங்கள் மனுவோடு அவர்களுடையதையும் வைத்துக் கொடுங்கள்.