உடற்பயிற்சி என்றாலே சலிப்பாக இருக்கிறது. பிடித்துச் செய்கிற மாதிரி, கடைசிவரை தொடர்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஆனால் நான் சொல்லப்போவதை உடற்பயிற்சி என்று ஜிம் நடத்துபவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு 52 வயது. இருமுறை ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டினேன். இரண்டிலும் சேர்த்துப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எட்டு வடிவ நடை நல்லது என்று எல்லோரும் சொன்னபோது மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன் மேல் நடந்தேன். பதினோராம் நாள் பெய்த மழையில் எட்டு அழிந்தது. மறுபடி வரையவில்லை.

எனக்குப் புத்தி வந்தது அப்பாவைப் பார்த்துத்தான். அவர் மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தோளில் தோல்பை, விரலிடுக்கில் மடித்த நோட்டுகள், முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே நாள் முழுக்க நெரிசலைப் பிளந்துகொண்டு போய் வருவார். ஓய்வு பெறும் வரை தொப்பை என்பதே கிடையாது. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு சர்க்கரை நோய் வந்தது. அதுவரை அவர் உடம்பை வேலை நடத்திக்கொண்டிருந்தது. வேலை போனபின் நாற்காலியும் தொலைக்காட்சியும்தான்.

பிறகுதான் ஜெரி மோரிஸ் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களையும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. டிரைவர்கள் வேலையில் சேரும்போதே கொஞ்சம் பருமனாக இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சந்தேகம் மோரிஸுக்கும் வந்தது. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு தொடக்கத்திலேயே பெரிதுதான் என்பதையும் 1956இல் வெளியிட்டார். தன் முடிவைத் தானே கிளறிப் பார்த்த அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். பிற்பாடு வேறு வேலைகளில் இருந்தவர்களிடமும் ஆய்வு செய்து, உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதை அவரே உறுதிப்படுத்தினார். 99 வயது வரை வாழ்ந்தார்.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் பயிற்சிக்காகப் படி ஏறவில்லை. மேல்தட்டில் டிக்கெட் வாங்காத ஆள் உட்கார்ந்திருந்தார், ஏறினார்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அப்படி ஒரு காரணம்தான்.

அப்பாவிடம் மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். இரண்டு வாரம் பூங்காவைச் சுற்றிவிட்டு, "ஆளே ஏறாத ட்ரிப் மாதிரி இருக்கிறது" என்று நிறுத்திவிட்டார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். வாரக் காய்கறியை மொத்தமாக வாங்கி வைப்பதை நிறுத்தினார். காலையில் கீரை, பத்து மணிக்குத் தயிர், மாலையில் கொத்தமல்லி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்பினார். ஒரேயடியாக வாங்கி வந்தால் என்ன என்று அப்பா கத்தினார், ஆனால் போனார். போகிற வழியில் பழைய சகாக்கள் கூடும் டீக்கடை கண்ணில் பட்டது. அவர்களோடு சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல். பேச்சு முடியாததால் இரண்டாம் சுற்றும் உண்டு.

தினம் 10,000 அடி நடக்காவிட்டால் பயனில்லை என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் அசைவு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மாடிப்படியும் கணக்குதான், தயிர் வாங்கப் போவதும் கணக்குதான்.

என் கதை சுருக்கமானது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் மனைவியும் கால் மணி நேரம் நடக்கிறோம். சாப்பிட்டவுடன் கால் தசைகள் வேலை செய்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். உண்மையான காரணம் ஊர் வம்பு. தினம் ஒரு தெரு. எந்த வீட்டில் புது வண்ணம், யார் வீட்டு வாசலில் இன்னும் கார் நிற்கவில்லை, எந்தத் தெரு நாய் எங்களை ஏற்றுக்கொண்டது என்று பேச விஷயம் இருந்துகொண்டே இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் விட்ட நாட்கள் மிகக் குறைவு.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த நடை மட்டும் தசை வலுவுக்குப் போதாது. அதற்கு வாரம் இரண்டு நாளாவது தனியாக ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். சலிப்பான அந்த ஒன்றை மட்டும் நானும் செய்கிறேன்: குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. அதேபோல எல்லா உழைப்பும் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. வருடக்கணக்கில் நின்று நின்று அப்பாவின் கால் நரம்புகள் சுருண்டு புடைத்தது அந்தக் கண்டக்டர் வேலையில்தான்.

அவருக்கு இப்போது 79. போன வாரம் சாயங்காலம் தூறல். பைக்கில் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். "மழைக்கெல்லாம் ட்ரிப்பை ரத்து செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுக் குடையோடு கிளம்பிவிட்டார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கொத்தமல்லியை மறந்துவிட்டிருந்தார்.