எங்கள் தீர்மானத்துக்கு ஏன் பதில் இல்லை?

கேள்வி: ஒடிசாவின் நியம்கிரியில் பழங்குடிக் கிராம சபைகள் மறுத்ததால் சுரங்கம் நின்றது என்று படித்தேன். எங்கள் ஊர் வயல் வழியே எண்ணெய்க் குழாய் வேண்டாம் என்று நாங்களும் இரண்டு முறை கிராம சபையில் தீர்மானம் போட்டோம், பதில்கூட வரவில்லை. அவர்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?
– விவசாயி ஒருவர், கோட்டூர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஆம், சட்டம் வேறுதான். டோங்கிரியா கோந்து மக்கள் தெய்வமாக வணங்கும் அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், வன நிலத்துக்கு மட்டும் பொருந்தும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அம்மக்களின் வழிபாட்டு உரிமையையும் பிற உரிமைகளையும் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த ஆண்டே கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. பழங்குடிகளின் நிலத்தில் அவர்களுடைய சுதந்திரமான முன் ஒப்புதல் வேண்டும் என்னும் 2007-ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனத்துக்கும் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமோ, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி எதுவும் இல்லை; பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையும் ஜவ்வாது மலையும்கூட அதில் சேரவில்லை.

உங்களுக்கு 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. அது புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் முன்பே நடந்துவரும் பணிகளையும், குழாய், சாலை போன்ற கட்டமைப்புப் பணிகளையும் விட்டுவிடுகிறது. உங்கள் பிரச்சினை அந்த ஓட்டையில்தான் சிக்குகிறது.

குழாய் பதிக்க 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், நடவும் செய்யலாம். குழாய் செல்லும் பட்டையில் கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ, கட்டடம் எழுப்பவோ கூடாது. குழாய் பதிக்கப்போவதாக அரசு வெளியிடும் அறிவிக்கை பொதுமக்கள் கைக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 21 நாட்களுக்குள், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். கிராம சபைத் தீர்மானம் அந்த ஆட்சேபத்துக்கு ஈடாகாது. அதன் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். நோட்டீஸ் பட்டாதாரர் பெயருக்கு வரும். அவர் சென்னையில் இருக்க, சேற்றில் இறங்கி நாற்று நடுகிற குத்தகைதாரருக்குச் செய்தி எட்டுவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. ஆட்சேபிக்கும் உரிமையைச் சட்டம் பட்டாதாரருக்கு மட்டும் தரவில்லை, நிலத்தில் உரிமை கொண்ட எவரும் கொடுக்கலாம் என்பதைக் குத்தகைதாரர்களிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் டெல்டாப் பக்கம் வன உரிமைச் சட்டம் யாருக்குமே பயன்படாதா?
– வாசகி ஒருவர், சிதம்பரம்

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே பயன்படும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் நீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போடுகிற இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். நீர்நிலைகளில் மீன் பிடிப்பதும் சமூக உரிமை என்கிறது அச்சட்டம். உரிமைகோரல் கிராம சபையிலிருந்தே தொடங்க வேண்டும். ஆனால் அச்சட்டம் வன நிலத்துக்கு மட்டும்தான். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு உதவாது. அதற்கும் முன்பாகக் கையில் பழங்குடிச் சான்றிதழ் இருக்க வேண்டும். கோட்டாட்சியர் தர வேண்டிய அந்தத் தாளுக்காக, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் காலத்திலேயே அலையத் தொடங்குகிற இருளர் குடும்பங்கள் உண்டு.