துணைக்கு இன்னொரு நாய்: எப்ப சரி, எப்ப வேண்டாம்

கேள்வி: எங்க வீட்ல ஒரு லேப்ரடார் இருக்கான், 14 மாசம் ஆகுது, கருத்தடை இன்னும் பண்ணல. நானும் கணவரும் வேலைக்குப் போயிட்டா நாள் முழுக்க தனியாத்தான் இருப்பான். கொஞ்ச நாளா கதவைப் பிறாண்டுறான், ஊளை விடுறான், பக்கத்து வீட்ல இருந்து கம்ப்ளைண்ட் வருது. துணை இல்லாததாலதான் இப்படி, இன்னொரு குட்டி வாங்கி விடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரே ஈத்துல பொறந்த ரெண்டு பெண் குட்டிகளையும் தர்றேன்னு சொல்றார். வாங்கலாமா? ஒண்ணா, ரெண்டா?

பதில்: இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம்மா. ரெண்டு குட்டியும் சேர்த்துன்னா கண்டிப்பா வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

மொதல்ல அவன் எதுக்கு ஊளை விடுறான்னு தெரியணும். ஒரு பழைய போனையோ கேமராவையோ ஆன் பண்ணி வச்சுட்டு கிளம்புங்க, சாயங்காலம் வந்து பாருங்க. நீங்க கதவைச் சாத்தின அரை மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிக்கிறானா, மூச்சு இரைக்குதா, எச்சில் ஒழுகுதா, நீங்க வெளிய போன அந்தக் கதவையே பிறாண்டுறானா, நீங்க வச்சுட்டுப் போன பிஸ்கட்டைக்கூடத் தொடாம சுத்துறானா, அப்படின்னா அது பிரிவுப் பதற்றம், அதாவது செப்பரேஷன் ஆங்ஸைட்டி. அதுக்குப் பதிலா நீங்க போனதும் ஒரு தூக்கம் போட்டுட்டு, மத்தியானத்துக்கு மேல எழுந்து செருப்பு, சோபா, ஜன்னல் வழியா தெரியுற பூனைன்னு வேலையைக் காட்டுறான்னா அது போர் அடிக்கிறதால வர்ற சேட்டை. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

பதற்றம்னா ரெண்டாவது நாய் பெரும்பாலும் உதவாது. அவன் தேடுறது உங்களை, இன்னொரு நாயை இல்ல. குட்டி பக்கத்துல படுத்திருந்தாலும் அவன் கதவைப் பார்த்துதான் அழுவான், அதைப் பார்த்து குட்டியும் கத்தப் பழகிடும், பக்கத்து வீட்டுக்காரங்க நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இதுக்குப் பண்ண வேண்டியது, அவன் பதறாம இருக்குற அளவுக்குள்ள, சில விநாடியில ஆரம்பிச்சு நீங்க வெளிய போறதைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டிப் பழக்குறது. அந்தப் பயிற்சி முடியுற வரைக்கும் அவனை முழு நாளும் தனியா விடாம யாராவது பார்த்துக்க ஏற்பாடு பண்ணணும், இல்லன்னா காலைல பழக்கினது மத்தியானமே வீணாப் போயிடும். ரொம்ப அதிகமா இருந்தா வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஃபுளுவாக்ஸெட்டின், குளோமிபிரமின் மாதிரி மாத்திரைகள் நாய்களோட இந்தப் பிரச்சினைக்கே பயன்படுத்துறாங்க, ஆனா டோஸ் வெட்தான் சொல்லணும், வீட்ல யாரோ சாப்பிடுற மாத்திரையை எடுத்துக் குடுத்துடாதீங்க.

போர் அடிக்கிறதுதான் காரணம்னா விஷயம் சுலபம். நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா ஒரு வாக்கிங், அதுவும் இழுத்துட்டு ஓடாம நின்னு நிதானமா மோப்பம் பிடிக்க விடுற வாக்கிங், மத்தியானம் யாராவது வந்து வெளிய கூட்டிட்டுப் போறது, சாப்பாட்டைக் கிண்ணத்துல வைக்காம தேடி எடுக்குற மாதிரி வைக்கிறது. இதுலயே பாதி அடங்கிடும். இதுக்கெல்லாம் நேரம் இல்லன்னா ரெண்டாவது நாய்க்கும் நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது வயசு. 14 மாசம்னா உடம்பு பெருசா இருக்கும், மண்டைக்குள்ள இன்னும் விடலைப் பையன்தான். பெரிய இன நாய்கள் நிதானத்துக்கு வர 2 வயசாவது ஆகும், மத்த நாய்களோட பழகுற குணமும் 1 வயசுக்கும் 3 வயசுக்கும் நடுவுலதான் ஒரு நிலைக்கு வரும். நேத்து வரைக்கும் எல்லாரோடயும் விளையாடினவன் இந்தக் காலத்துல சில நாய்களைப் பிடிக்காம முறைக்க ஆரம்பிக்கிறது ரொம்ப சகஜம். அதனால அவன் 2 வயசைத் தாண்டட்டும்னு சொல்வேன். ஆனா வயசு மட்டும் போதாது. கூப்பிட்டா வர்றானா, லீஷ்ல இழுக்காம நடக்குறானா, சாப்பிடும்போது பக்கத்துல போனா உறுமாம இருக்கானா, தனியா இருக்கத் தெரியுமா, இதுக்கெல்லாம் ஆமான்னு சொல்ல முடிஞ்சா அப்ப யோசிக்கலாம், ஏன்னா வர்ற குட்டி பாதிப் பழக்கத்தை உங்ககிட்ட இருந்து இல்ல, அவன்கிட்ட இருந்துதான் கத்துக்கும். (இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு: வீட்ல இருக்குறது மூட்டு வலியோட இருக்குற வயசான நாய்னா, அதுக்கு உற்சாகம் வரட்டும்னு குட்டியைக் கொண்டுவந்து விடாதீங்க. உற்சாகம் வராது, தூக்கம்தான் போகும்.)

இப்ப அந்த ரெண்டு பெண் குட்டி விஷயம். ஒரே ஈத்துக் குட்டிகளை ஒண்ணா வளர்த்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு உங்களைக் கண்டுக்காம போற வாய்ப்பு உண்டு. இது வராம இருக்கணும்னா ரெண்டுக்கும் தனித்தனி வாக்கிங், தனித்தனி பயிற்சி, தனித்தனி படுக்கைன்னு எல்லாத்தையும் ரெண்டு தடவை பண்ணணும், வேலைக்குப் போறவங்களால அது முடியாது. இன்னொண்ணு, ஒரே வீட்ல வளர்ற ரெண்டு பெண் நாய்களுக்குள்ள பெருசானதும் சண்டை வந்தா அது ரொம்ப மோசமாப் போறதுண்டு, சில வீடுகள்ல கடைசி வரைக்கும் ரெண்டையும் வேற வேற ரூம்ல வச்சிருக்காங்க. பொதுவா ஒரு ஆண், ஒரு பெண் ஜோடிதான் அமைதியா ஓடும். அந்த வகையில உங்க பையனுக்குப் பெண் துணை சரிதான், ஆனா கருத்தடை பண்ணாம அதை நினைச்சே பார்க்காதீங்க. பெண் குட்டி 6 மாசத்துலயே ஹீட்டுக்கு, அதாவது இணை சேர்ற பருவத்துக்கு வரலாம், ஒரு தடவை வந்தா ஏறக்குறைய 3 வாரம் இருக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் அடைச்சு வச்சு சமாளிச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க வீட்லதான் 63 நாள் கழிச்சு குட்டிகள் இருக்கும். ஆண் நாய்க்கு ஆபரேஷன் பண்ணினாலும் உடனே பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, சில வாரத்துக்கு அவனால குட்டி உருவாக்க முடியும்.

நேரம் வந்ததுக்கு அப்புறமும் குட்டிதான் வேணும்னு பிடிவாதம் வேண்டாம். காப்பகத்துல இருக்குற 2, 3 வயசு நாயோட குணம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், உங்க பையனையும் கூட்டிட்டுப் போய்ப் பழக விட்டுப் பார்க்கலாம். முடிஞ்சா கொஞ்ச வாரம் ஃபாஸ்டரா, அதாவது தத்தெடுக்காம தற்காலிகமா வீட்ல வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், என்னைக் கேட்டா இதுதான் பெஸ்ட். குட்டியே வேணும்னா 8 வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிச்ச குட்டியை எடுக்காதீங்க. எது வந்தாலும் வெட்கிட்ட காட்டி, புழு மருந்து குடுத்து, உண்ணி இருக்கான்னு பார்த்து, ரெண்டு வாரம் தனியா வச்சுட்டு அப்புறம் சேர்த்து விடுங்க. நாய்க்குக் கடுமையான வாந்தி, பேதியை உண்டாக்குற பார்வோ கிருமி உள்ள போய் 2 வாரம் வரைக்கும்கூட வெளிய தெரியாம இருக்கலாம். உங்க பையனோட தடுப்பூசி பாக்கி இருந்தா அதையும் முன்னாடியே போட்டுடுங்க.

முதல் சந்திப்பு வீட்டுக்குள்ள வேண்டாம். ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு இடத்துல, ஆளுக்கு ஒரு நாயைப் பிடிச்சுக்கிட்டு, நடுவுல நல்லா இடைவெளி விட்டு ஒரே திசையில நடங்க. லீஷ் தளர்வா இருக்கணும், நீங்க பயந்து இறுக்கிப் பிடிச்சா அவனும் விறைப்பாயிடுவான். போகப் போக நெருங்குங்க, சில விநாடி மோப்பம் பிடிக்க விட்டு உடனே கூப்பிட்டுக்கோங்க. மூஞ்சிக்கு மூஞ்சி நிக்க வச்சு "ஹலோ சொல்லு"ன்னு போட்டோவுக்காகத் தள்ளிவிடுறது வேண்டவே வேண்டாம். அப்படியே ரெண்டும் சேர்ந்து நடந்து வீட்டுக்குள்ள போகட்டும், அதுக்கு முன்னாடி பொம்மை, எலும்பு எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கணும்.

சாப்பாடு தனித்தனி ரூம்ல. ஒரு மாசத்துக்கு இல்ல, எப்பவுமே அப்படி வச்சுக்கிட்டாலும் தப்பில்ல. நீங்க வீட்ல இல்லாதப்ப நடுவுல ஒரு கேட் இருக்கட்டும். பெரியவன் குட்டியைப் பார்த்து உறுமினா அவனைத் திட்டாதீங்க, உறுமல்ங்கறது எச்சரிக்கை, அதை அடக்கினா அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கலாம். உறுமினதும் குட்டி பின்வாங்கி, அவனும் அத்தோட விட்டுட்டான்னா அது பாடம். குட்டி கத்தக் கத்த விடாம அமுக்கிக்கிட்டே இருந்தாலோ, குட்டி ஒதுங்கின பிறகும் துரத்தினாலோ அன்னிக்கே பிரிச்சு வச்சுட்டு ஒரு டிரெய்னரைக் கூப்பிடுங்க. குட்டி அவனை நிம்மதியாப் படுக்க விடலைன்னா குட்டியைத் தூக்கிட்டுப் போக வேண்டியது உங்க வேலை, அவன் பொறுத்துக்குவான்னு விடாதீங்க.

சிலதுங்க 3 வாரத்துல ஒட்டிக்கும், சிலதுக்கு 3 மாசத்துக்கு மேல ஆகும். அதுக்கப்புறமும் உங்க பையன் சரியாச் சாப்பிடாம, கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு, குட்டி வந்தாலே எழுந்து வேற ரூமுக்குப் போறான்னா அந்த ஜோடி அமையலைன்னு அர்த்தம். திருப்பிக் குடுக்குறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. அதனாலதான், எங்க இருந்து எடுத்தாலும், அமையலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களான்னு எடுக்குறப்பவே கேட்டு எழுதி வாங்கிடுங்க. அதுக்கு மழுப்புறவங்ககிட்ட வாங்காதீங்க.