வாங்கலாமா, வேண்டாமா? – பூமாவை வரவழைக்கும் பெட்டி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வாழும் வாசகர்களிடமிருந்து மின்னணு அழைப்பான் பற்றிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. மான்குட்டி, முயல் போன்றவற்றின் பதிவு செய்த ஓலத்தை ஒலிபெருக்கியில் எழுப்பி, வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு எதிரே விலங்கை வரவழைக்கும் பெட்டி அது. மலைச் சிங்கம் எனப்படும், பூனை இனத்து விலங்கான பூமாவுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்பதே பெரும்பாலோர் கேள்வி. இந்த முறை இடம் முழுவதும் அதற்கே.

“நாடு முழுவதும் சட்டப்படி செல்லும்” என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (ஐடஹோ)

நம்பக் கூடாது. வேட்டை விதி மாநிலத்துக்கு மாநிலம், விலங்குக்கு விலங்கு மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் இந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

பூமா வேட்டைக்கு என்று கேட்டுத்தான் அழைப்பான் வாங்கினேன். “உங்கள் பகுதியில் அனுமதி உண்டு” என்றார் கடைக்காரர். இப்போது தடை என்கிறார்கள். பணம் திரும்பி வராது என்கிறது கடை. உண்மையில் இதைத் தடை செய்தது நியாயமா? (கிளென்வுட் ஸ்பிரிங்ஸ், கொலராடோ)

முதலில் பணம். உங்கள் மேல் பிழை இல்லை. கேட்டீர்கள், பொய் சொல்லி விற்றார்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், அந்தக் கட்டணம் ஏறிய அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். கடைக்காரர் சொன்னதையும் தேதியையும் எழுதி, மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் கொடுங்கள். உங்கள் பகுதியில் சில ஆண்டுகள் அனுமதி இருந்தது உண்மை. 2024-இல் மாநில வனவிலங்கு ஆணையம் அதை நீக்கியது. விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது நியாயம். தடை சரி என்பதே என் உறுதியான கருத்து. பூமா ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும். குட்டிகள் ஓராண்டுக்கு மேல் தாயை நம்பியே வாழும். இரை தேடப் போகும் தாய், சிறு குட்டிகளைப் பாறை இடுக்கிலோ புதரிலோ விட்டுவிட்டுத் தனியாகத்தான் வரும். குட்டிகளோடு இருக்கும் பூமாவைச் சுடக் கூடாது என்று கொலராடோவில் விதி இருக்கிறது. ஆனால் மான்குட்டியின் ஓலத்தைக் கேட்டு வரும் பூமாவின் பக்கத்தில் குட்டி இல்லை என்பதால், அதற்குக் குட்டியே இல்லை என்று ஆகிவிடாது. பால் கொடுக்கும் தாய்க்குப் பசி அதிகம். அந்த ஓலம் அதையும் இழுக்கக்கூடும்.

ஆணா பெண்ணா என்று பார்த்துச் சுடலாமே என்பார்கள். ஆண் பூமாவின் அடையாளம், வாலுக்குக் கீழே நான்கைந்து அங்குலம் தள்ளி, ஏறக்குறைய ஓர் அங்குல அகலத்தில் இருக்கும் கருப்பு மயிர்ப் புள்ளி. பெண்ணுக்கு அது இல்லை. நாய்கள் துரத்தி மரத்தில் ஏற்றிய பூமாவை வேட்டைக்காரர் கீழே நின்று சுற்றிவந்து, அந்தப் புள்ளியையும் பால் கட்டிய காம்பையும் தேட முடியும். பெண் என்று தெரிந்தால் நாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பலாம். நாய் வேட்டையும் எனக்குப் பிடித்ததல்ல. ஆனாலும் அதில் பார்க்க நேரம் இருக்கிறது. அழைப்பானுக்கு வரும் பூமா புதர் மறைவில் பதுங்கி, முகத்தை நேரே காட்டி வருகிறது. வாலுக்குக் கீழே இருப்பது எப்படித் தெரியும்? நிற்பதும் சில நொடிகள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாத்து வேட்டையில் பதிவு செய்த குரலைப் பயன்படுத்த அமெரிக்கக் கூட்டாட்சி விதி இடம் தருவதில்லை. அளவுக்கு மீறிப் பெருகிய பனி வாத்து போன்றவற்றுக்குத்தான் விலக்கு. வாத்துக்குத் தகாது என்று விலக்கிய முறையை, ஒன்றரை ஆண்டு வரை குட்டி வளர்க்கும் விலங்கின் மீது ஏவலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெட்டியைக் கொலராடோவில் கொயோட்டி என்ற சிறு ஓநாய் வகை விலங்குக்குப் பயன்படுத்தலாம். விற்பதானால், பூமாவுக்கு ஆகாது என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

எங்கள் மாநிலத்தில் 1994-இல் வாக்கெடுப்பு நடத்தி நாய்களைத் தடுத்துவிட்டார்கள். அழைப்பானும் கூடாது என்றால் பூமாவை எப்படித்தான் வேட்டையாடுவது? ஒலிபெருக்கியைத் தள்ளி வைப்பதால் விலங்கு நம்மை நோக்கி வராது, அது பாதுகாப்புதானே? (ஓரிகன்)

பாதுகாப்பு பற்றிச் சொன்னது சரி. வாயால் ஊதி அழைப்பவரை நோக்கியே பூமா பதுங்கி வரும். பெட்டியைத் தள்ளி வைத்தால் அதன் கவனம் அங்கே போகும். இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது வேட்டைக்காரரைக் காப்பாற்றுகிறது, குட்டிகளை அல்ல. வேட்டை கடினமாகிறது என்பதை ஒரு குறையாகவே நான் கருதவில்லை. பனியில் தடம் பார்த்து நடந்து போகும் வழி திறந்தே இருக்கிறது. ஆட்டையோ மாட்டையோ அடித்த பூமாவை அகற்றுவது வேறு விஷயம். அதற்குத் தனி ஏற்பாடு உண்டு, துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தனிக் கருவி வேண்டாம், கைபேசியில் குரலைப் போட்டு புளூடூத் ஸ்பீக்கரில் ஒலித்தால் சட்டத்தில் சிக்காது என்று நண்பர் சொல்கிறார். (டென்வர்)

சிக்கும். அதுவும் மின்னணு அழைப்பான்தான். வேட்டை உரிமம் வாங்கக் கிளம்புகிறவர் விதியை நண்பரிடமா கேட்பது?

ரிமோட் 300 கெஜம் வரை வேலை செய்யும் என்றார்கள். கொயோட்டிக்காகக் காட்டுக்கு எடுத்துப் போனால் பாதித் தூரம்கூட எட்டவில்லை. பாட்டரியும் குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. (மான்டனா)

அந்தத் தூரம் தடையில்லாத வெட்டவெளியில் அளந்தது. பைன் மரங்களுக்கு நடுவே கிடைக்காது. அதைப் பெட்டியில் எழுதாதது விற்றவர் குற்றம், திருப்பிக் கொடுங்கள். சாதாரண ஆல்கலைன் பாட்டரி உறைகுளிரில் வலுவிழக்கும், லித்தியம் போடுங்கள். இதே வகை விளம்பரத்தில் நானும் பணம் இழந்திருக்கிறேன். காட்டில் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி கேமரா ஒன்று வாங்கினேன். மழை தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் மழையிலேயே லென்ஸின் உள்பக்கம் நீர் கோத்தது. “தாங்கும் என்றோம், புகாது என்று சொல்லவில்லை” என்று பதில் வந்தது. இப்படிப் பேசுகிறவர்களை விடாதீர்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் அதை மாற்றிவிடுவார்கள்.

நெவாடா சந்தையில் பூமாத் தோல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சான் ஹோசேவில் வீட்டில் மாட்டியிருக்கிறேன். தோலில் புழு வைத்துவிட்டது. விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? (கலிபோர்னியா)

புழுவை விடுங்கள். கலிபோர்னியாவில் 1990-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 117-ஆம் முன்மொழிவின்படி பூமா தனிப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. அதன் எந்தப் பகுதியையும் வைத்திருப்பதும், மாநிலத்துக்குள் கொண்டுவருவதும், விற்பதும் குற்றம். ஓராண்டு வரை சிறையோ 10,000 டாலர் வரை அபராதமோ கிடைக்கலாம். விலை மலிவு என்பதற்காக, என்ன பொருள் என்று விசாரிக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் ஒப்படையுங்கள். இணையத்தில் விற்றுத் தலைமுழுகலாம் என்று நினைக்காதீர்கள், அது இரண்டாவது குற்றம்.