பட்டுப்புடவையில் பாவு நூலுக்கு ஏன் இத்தனை கவனம்?

கேள்வி நியாயமானதுதான். கண்ணில் படுவது ஜரிகையும் முந்தியும். ஆனால் நெசவாளி அதிகம் கவலைப்படுவது பாவைப் பற்றித்தான்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். ஊடை குறுக்கே போய் வருவது. ஊடை ஒருமுறை நுழைந்தால் அதன் வேலை முடிந்தது. பாவுக்கு அப்படியில்லை. நெசவாளி தறியின் மிதியை மிதிக்கும்போதெல்லாம் ஏறி இறங்க வேண்டும், பண்ணை என்ற சீப்பு போன்ற சட்டத்தின் பல்லிடுக்கில் உரச வேண்டும், விறைப்பும் தளரக் கூடாது. அதனால்தான் பாவுப் பட்டுக்கு முறுக்கு அதிகம், கஞ்சியும் போடுவார்கள். காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிப் பக்குவப்படுத்துவதைப் பார்த்திருக்கலாம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது.

நிறத்திலும் பாவுக்குப் பங்கு உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்றால் மயில்கழுத்து மாதிரி அசைவுக்கு அசைவு சாயல் மாறும்.

முந்தி வேறு நிறமா? பிட்னி முறையில், உடலின் பாவோடு முந்திக்கான புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். உடலும் முந்தியும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், மெல்லிய வரப்பு ஒன்று தட்டுப்படும். சிலர் அதைக் குறை என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு!